ஸ்லைடு ஷீட்: நர்ஸ் முதுகுக்கும் நோயாளி தோலுக்கும் ஒரே துணி, வாங்கும் முன் தெரிய வேண்டியவை

படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்க, கட்டிலில் கீழே சரிந்தவரை மேலே ஏற்ற, ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்ற என்று ஒரு வழுக்குத் துணி இருக்கிறது. பெயர் ஸ்லைடு ஷீட். புதுச்சேரியிலோ கடலூரிலோ சர்ஜிக்கல் கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், ரப்பர் ஷீட்டை எடுத்துக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வீல்சேர், வாக்கர், ஏர் பெட் அளவுக்கு இது இன்னும் நம் பக்கம் புழக்கத்துக்கு வரவில்லை. வந்தாக வேண்டிய பொருள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வார்டுக்கு வாங்குவதாக இருந்தால், தலை முதல் குதிகால் வரை நீளமுள்ள, சிலிகான் பூச்சு கொண்ட நைலான் தட்டை ஷீட்டை ஜோடியாக வாங்குங்கள். வீட்டில் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார் என்றால் குழாய் வடிவ ஷீட் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். இந்தத் துணியை வாங்கிவிட்டோம், இனி ஒரு ஆள் போதும் என்று டியூட்டி ஆளைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால், வாங்கவே வேண்டாம்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி மெல்ல மெல்லக் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுகிறார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, அக்குளில் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இழுக்கிறார்கள். நோயாளியின் எலும்பும் சதையும் மேலே நகர்கின்றன. வியர்வையில் நனைந்த தோலோ பெட்ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு பின்தங்குகிறது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் முறுகி நசுங்குகின்றன. வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும் வழிகளில் இது முக்கியமானது. மேலே தோல் சிவந்திருப்பது மட்டும்தான் கண்ணில் படும். உள்ளே ஆழத்தில் சேதம் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் புரட்டிய நோயாளிக்கும் புண் வருகிறதே, ஏன் என்று கேட்பவர்கள், எப்படிப் புரட்டினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். படுக்கைப்புண் அபாயத்தைக் கணிக்கப் பயன்படும் பிரேடன் அளவுகோலில் உள்ள 6 அம்சங்களில் ஒன்று இந்த உராய்வும் இழுவிசையும்தான். மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை போகும். 18-ம் அதற்குக் கீழும் வந்தால் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

அதே இழுப்பு நர்ஸின் முதுகையும் பதம் பார்க்கிறது. பெட்டி தூக்கும் வேலைக்கு, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால், ஒருவர் 23 கிலோ வரை தூக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த சமன்பாடு. அதே சமன்பாட்டை நோயாளிகளைக் கையாளும் வேலைக்குப் பொருத்தி 2007-ல் போட்ட கணக்கில் வரம்பு 16 கிலோவுக்கு இறங்கிவிட்டது. வீட்டு வாசலில் இறக்கிப் போகிறார்களே, 20 லிட்டர் தண்ணீர் கேன், அதன் எடையைவிட இந்த வரம்பு குறைவு. 60 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே சுமார் 10 கிலோ இருக்கும். நோயாளிக்குக் கைப்பிடி கிடையாது. திடீரென்று உடம்பை விறைப்பார், பயத்தில் நம் கழுத்தைப் பிடிப்பார். நாமும் கட்டிலுக்கு மேல் குனிந்து, கையை நீட்டியபடி இழுக்கிறோம். இடுப்பு வலியோடு வேலை செய்யும் சிஸ்டர் அடுத்த முறை புரட்டுவதைத் தள்ளிப்போடுவார், அல்லது அவசரமாக முடிப்பார். இரண்டிலும் நஷ்டம் நோயாளிக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் செப்டம்பர் 17, உலக நோயாளி பாதுகாப்பு நாளுக்குச் சுகாதாரப் பணியாளர் பாதுகாப்பையே கருப்பொருளாக வைத்தது. பணியாளர் பத்திரமாக இருந்தால்தான் நோயாளி பத்திரம் என்பது அந்த ஆண்டு செய்தி. அது போஸ்டரோடு நின்றுவிடாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேர வேண்டுமானால், இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பொருட்கள் வழியாகத்தான் வரும்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த பக்கத் தோளைப் பிடித்து நிறுத்தத் தசைக்குத் தெம்பு இருக்காது. அந்தக் கையைப் பிடித்தோ அக்குளைப் பிடித்தோ இழுத்தால் மூட்டு கீழிறங்கிவிடும். பிறகு மாதக் கணக்கில் தோள் வலி, பிசியோதெரபிக்கே கையைக் கொடுக்க மாட்டார். வேறு எந்தக் காரணமும் வேண்டாம், இந்த ஒன்றுக்காகவே பக்கவாத வார்டுகளில் ஸ்லைடு ஷீட் இருந்தாக வேண்டும்.

எந்த வகை எதற்கு

தட்டை ஜோடி என்பது இரண்டு ஷீட்கள். வழுக்கும் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. கீழ் ஷீட் மெத்தையோடு இருக்கும், மேல் ஷீட் நோயாளியோடு நகரும். உராய்வு முழுக்க இரண்டு நைலான் பரப்புகளுக்கு நடுவே போய்விடும், தோலுக்கு வராது. பெரிய ஷீட் ஒன்றை இரண்டாக மடித்தும் இதே வேலையைச் செய்யலாம். மேலே ஏற்றவும், பக்கவாட்டில் நகர்த்தவும், புரட்டவும், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றவும் இது ஒன்றே போதும். எங்கள் பரிந்துரை இதற்குத்தான்.

குழாய் வடிவம் இரண்டு முனையும் திறந்த, உள்ளுக்குள்ளேயே உருளும் ஷீட். சுமார் 70 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் சொச்சம் நீளம் என்ற அளவில்தான் பெரும்பாலும் வருகிறது. இடுப்புக்கடியில் எளிதாகப் போய்விடும். ஒருவரே நோயாளியைக் கட்டில் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்த அருமையான பொருள். குறை என்னவென்றால், தோளுக்கு வைத்தால் குதிகாலுக்கு எட்டாது. உடம்பு வழுக்கிக்கொண்டு போகும்போது குதிகால் மட்டும் பெட்ஷீட்டில் தேய்ந்துகொண்டே போகும். சர்க்கரை நோயாளிக்கு அது ஒன்றே போதும், புண்ணாகிவிடும். இதைப் பயன்படுத்தும்போது காலுக்குத் தனியாக ஒரு சிறிய ஷீட் போடுங்கள், அல்லது ஒருவர் கெண்டைக்காலில் கை கொடுத்துக் குதிகாலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒரே நோயாளிக்கு மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் மெல்லிய ரகமும் உண்டு. ஐசியூவில் மருந்துக்கு அடங்காத கிருமித் தொற்று உள்ளவருக்கு, வயிற்றுப்போக்கு நிற்காதவருக்கு இது சரி. வழக்கமான வார்டுக்குக் கட்டுபடியாகாது, ஓரத்தில் கிழிந்தும் போகும். ரத்தமோ உடல்நீரோ பட்டிருந்தால், 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போட வேண்டும்.

இனி நம் ஊர் மாற்றுகள். புடவையையோ லுங்கியையோ நான்காக மடித்துக் கீழே போட்டு இழுப்பது பல குடும்பங்களில் வழக்கம். அக்குளைப் பிடிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பருத்தித் துணி மெத்தையில் வழுக்காது. தூக்கியபடிதான் இழுக்க வேண்டும், எடை மறுபடி முதுகுக்கே வரும். கறுப்பு குப்பை கவரை வெட்டிப் போடுவதையும் பார்க்கலாம். வழுக்கும், உண்மைதான். ஆனால் கிழியும், வியர்வையில் தோலோடு ஒட்டும், குழப்ப நிலையில் உள்ள நோயாளி முகத்துக்கு இழுத்துவிட்டால் மூச்சுக்கு ஆபத்து. டால்கம் பவுடரைக் கொட்டி வழுக்கவைப்பது எல்லாவற்றிலும் மோசம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டிதட்டி, வழுக்குவதற்குப் பதில் தோலை அரைக்கும்.

டெய்லரிடம் தைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். தற்காலிகத்துக்கு முடியும். பூச்சில்லாத நைலான் துணி வேண்டும், பாராசூட் துணி என்று கேட்டால் கிடைக்கும். ரெயின்கோட் துணியை வாங்கிவிடாதீர்கள். அதன் ஒரு பக்கத்தில் தண்ணீர் புகாமலிருக்கப் போட்ட பூச்சு, வியர்வை பட்டால் பிசுபிசுக்கும். நடுவில் ஒட்டுத் தையல் வரக் கூடாது, ஒரே அகலத் துணியாக எடுத்து ஓரம் மட்டும் மடித்துத் தைக்க வேண்டும். தையல் மேடு வால் எலும்புக்கடியில் போனால் அந்தத் தையலே புண்ணுக்கு வழி. சிலிகான் பூச்சு ஷீட் அளவுக்கு இது வழுக்காது, 80 கிலோவுக்கு மேல் உள்ளவருக்கு இதை நம்ப வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

முதலில் நீளம். 190 முதல் 200 செ.மீ. இருக்க வேண்டும். அடுத்து அகலம். ஆஸ்பத்திரி மெத்தை சுமார் 90 செ.மீ. அகலம் என்று வைத்தால், இரண்டு பக்கமும் கையால் சுருட்டிப் பிடிக்கக் குறைந்தது 15 செ.மீ. வீதம் தொங்க வேண்டும். 120-க்குக் கீழே போகாதீர்கள், 140 நல்லது. படத்தைப் பார்த்து ஆர்டர் செய்யும்போது பலர் ஏமாறுவது இந்த அளவில்தான். பாதி நீள ஷீட்டும் முழு நீள ஷீட்டும் மடித்து வைத்த படத்தில் ஒரே மாதிரி தெரியும்.

கைப்பிடி வைத்ததும் வைக்காததும் உண்டு. கைப்பிடி இருந்தால் குனிவது குறையும், ஆனால் கைப்பிடியைப் பார்த்ததும் நான்கு பேர் சேர்ந்து நோயாளியைத் தொட்டிலாகத் தூக்கிவிடும் ஆபத்தும் கூடவே வருகிறது. ஸ்லைடு ஷீட் நகர்த்தத்தான், தூக்க அல்ல. தூக்கும் ஷீட் என்று தனியாகத் தயாரித்து, எடை வரம்பு அச்சிட்டு விற்பது வேறு பொருள். துவைக்கும் வெப்பநிலை அச்சிட்ட லேபிள் இல்லாத ஷீட்டையும் தள்ளிவிடுங்கள். ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் போகும் துணி என்ன சூட்டைத் தாங்கும் என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

வழுக்கலைச் சோதிக்க ஒரு நேரான வழி. ஷீட்டை மடித்து மெத்தை மேல் விரித்து, 25 கிலோ அரிசி மூட்டையை மேலே வைத்து, மேல் அடுக்கை ஒரு கையால் இழுங்கள். மூட்டை அடம்பிடிக்காமல் வர வேண்டும். புதிதில் எப்படி வருகிறது என்பதைக் கையில் உணர்ந்து வைத்துக்கொண்டால், பல மாதம் துவைத்தபின் பூச்சு போய்விட்டதா என்பதையும் இதே மூட்டை சொல்லிவிடும்.

போடும் முறை

நோயாளியை மேலே ஏற்றுவதை மட்டும் முழுதாகச் சொல்கிறோம். இது கைவந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் அவரிடம் சொல்லுங்கள். நினைவு இல்லாதவர் என்றாலும் சொல்லுங்கள், காதில் விழலாம். கட்டில் பிரேக்கைக் காலால் அழுத்திப் பாருங்கள், பூட்டியதாகத் தெரிந்தாலும் கட்டிலை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். யூரின் பேக்கைக் கொக்கியிலிருந்து கழற்றி நோயாளியோடு வரும்படி வையுங்கள், சிறுநீர்ப்பை மட்டத்துக்கு மேலே போகாமல். டிரிப்ஸ் குழாய்க்குத் தளர்வு இருக்கிறதா, மூக்குவழி டியூப் தலையணையில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப் வழியாக உணவு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். உணவு கொடுத்த கையோடு படுக்கையைத் தட்டையாக்கினால் அது நுரையீரலுக்குப் போகலாம். ஆகவே புரட்டும் நேரத்தை எப்போதும் ஃபீடுக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

தலைப்பக்கத்தை இறக்குங்கள். தலையணையை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுத் தடுப்பில் சாய்த்து வையுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஷீட் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாக வழுக்கும். பழைய பழக்கத்தில் முழு பலம் போட்டு இழுத்தால் நோயாளியின் தலை இரும்பில் போய் மோதும்.

கட்டில் உயரம் ஏறி இறங்கும் வகை என்றால், இருவரில் குள்ளமானவரின் இடுப்பு மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உயரம் மாறாத இரும்புக் கட்டில்தான் இருக்கிறது என்றால், குள்ளமானவருக்கு அகலமான, ஆடாத மரப்பலகை ஒன்று போடுங்கள். முதுகை வளைப்பதற்குப் பதில் முழங்காலை மடக்குங்கள்.

நோயாளியை ஒருபக்கம் சாய்த்து, ஷீட் இரண்டையும் சேர்த்துப் பாதி சுருட்டி, சுருளை முதுகை ஒட்டி வையுங்கள். மறுபக்கம் சாய்த்துச் சுருளை இழுத்து விரியுங்கள். சாய்க்கவே முடியாதவருக்கு வேறு வழி உண்டு. ஷீட்டை ஒரு சாண் அகல மடிப்புகளாக மடித்து, தலையணைக்கடியில் வைத்து, இருவரும் இருபக்கமும் நின்று, உள்ளங்கை மேல்நோக்கியபடி புறங்கையால் மெத்தையை அழுத்திக்கொண்டே, மடிப்பு மடிப்பாகக் கீழே இழுத்து வாருங்கள். கழுத்து, இடுப்பு, முழங்கால் பள்ளங்களில் எளிதாகப் போகும். தோளிலும் பிட்டத்திலும் தான் நிற்கும், அங்கே மெத்தையை நன்றாக அழுத்த வேண்டும்.

இப்போது மேல் ஷீட்டை மட்டும், நோயாளியின் தோளுக்கும் இடுப்புக்கும் நேரே, உடம்பை ஒட்டி, உள்ளங்கை மேலே தெரியச் சுருட்டிப் பிடியுங்கள். இரண்டு ஷீட்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றும் நகராது. புதிதாகப் பழகுபவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. தலைமாட்டுப் பக்கக் காலை ஓரடி முன்னே வையுங்கள். ஒருவர் மட்டும் எண்ண வேண்டும். மூன்றில், கையால் இழுக்காமல், பின்காலில் இருக்கும் உடல் எடையை முன்காலுக்கு மாற்றுங்கள். கை ஷீட்டைப் பிடித்திருந்தால் போதும், எடை மாறும்போது நோயாளி வந்துவிடுவார். ஒரே வீச்சில் வேண்டாம், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை.

எடுப்பதும் ஒரு கலைதான். கால்பக்கத்திலிருந்து, கீழ் ஷீட்டின் மூலையை உள்ளே மடித்து, அது தன்மேலேயே வழுக்கி வரும்படி, மெத்தையை ஒட்டி இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் தோல் கூடவே வரும். எடுத்தபின் முழங்கால் பகுதியை முதலில் உயர்த்தி, அதன் பிறகே தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். இந்த வரிசையை மாற்றினால் அரை மணி நேரத்தில் மறுபடி சரிந்துவிடுவார், செய்த வேலை வீண். உணவு, மூச்சுத்திணறல் போன்ற மருத்துவக் காரணம் இல்லாதபோது தலைப்பக்கம் 30 பாகைக்குள் இருப்பது வால் எலும்புக்கு நல்லது.

பக்கவாட்டில் புரட்டும்போது ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பப் போகிறாரோ, அதற்கு எதிர் ஓரத்துக்கு முதலில் அவரை ஷீட்டோடு நகர்த்த வேண்டும். அப்போதுதான் திரும்பியபின் கட்டில் நடுவில் இருப்பார். நடுவில் இருப்பவரை அப்படியே திருப்பினால் விளிம்புக்கு வந்துவிடுவார். கட்டிலிலிருந்து விழ இதுவே போதும். திருப்பும் பக்கம் ஆள் நிற்க வேண்டும், ஆள் இல்லை என்றால் சைடு ரெயில் மேலே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வில் விடுங்கள். முழுக்க 90 பாகை திருப்பினால் உடல் எடை மொத்தமும் இடுப்பு மூட்டு எலும்பில் இறங்கும்.

ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது இடைவெளியை மூடக் கெட்டியான டிரான்ஸ்ஃபர் போர்டும் வேண்டும். இரண்டு பக்கமும் பிரேக், போய்ச் சேரும் பக்கம் ஒரு விரல் அளவு தாழ்வு, நான்கு பேர். முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும் விபத்து நோயாளிக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த முறையும் பொருந்தாது. அங்கே கழுத்தைப் பிடிக்கத் தனி ஆளோடு, பயிற்சி பெற்ற குழுதான் கையாள வேண்டும்.

எங்கே தவறுகிறது

அடிக்கடி நடப்பதும் ஆபத்தானதும் ஒன்றே: வேலை முடிந்தபின் ஷீட்டை அடியிலேயே விட்டுவிடுவது. அடுத்த முறைக்கு ஆகட்டும், மறுபடி யார் போடுவது என்று நினைப்பார்கள். நோயாளி எழுந்து உட்கார முயல்வார், ஷீட் அவரோடு சேர்ந்து கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கும். விழவில்லை என்றாலும், நைலானில் காற்று போகாது. வியர்வையில் தோல் ஊறி, வெளுத்து, உரியத் தயாராகிவிடும். அடியிலேயே விட்டுவைக்கலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட தனி ரகம் இருக்கிறது. அதைத் தவிர எதுவானாலும் எடுத்தே ஆக வேண்டும்.

தரையில் போடுவது அடுத்தது. மொசைக் தரையில் கிடக்கும் ஸ்லைடு ஷீட்டில் கால் வைத்தால் யாராக இருந்தாலும் விழுவார்கள். நள்ளிரவில் பாத்ரூமுக்கு எழுந்து போகும், பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருக்கும் அட்டெண்டருக்கும் இது பொருந்தும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கொக்கி போட்டு, நோயாளியின் கட்டில் எண் எழுதிய பையில் மாட்டிவையுங்கள்.

ஒரே ஷீட்டை வார்டு முழுக்கச் சுற்ற விடுவது மூன்றாவது. கை கழுவும் இயக்கம் நடத்திக்கொண்டே, ஒருவர் முதுகுக்கடியில் இருந்ததை அடுத்தவர் முதுகுக்கடியில் போடுகிறோம். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. அவர் டிஸ்சார்ஜ் ஆனபின் துவைத்துத்தான் அடுத்தவருக்கு.

துவைப்பது

ஆஸ்பத்திரி லாண்டரியில் கிருமி அழிய 65 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் என்பது பிரிட்டன் வைத்திருக்கும் அளவு, நம்பகமான அளவும்கூட. லேபிள் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது, பூச்சின் வேலையைக் கெடுக்கும். வார்டு பழக்கத்தில் எல்லாவற்றையும் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் கரைசலில் ஊற வைப்பார்கள். நைலானையும் பூச்சையும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ரத்தம் படும் என்று முன்பே தெரிந்தால் தூக்கி எறியும் ரகத்தை எடுப்பது புத்திசாலித்தனம். இஸ்திரி வேண்டாம்.

மொட்டை மாடி வெயிலில் காய வைக்காதீர்கள். மே மாத வெயிலில் நைலான் இழை வலுவிழக்கும். நிழலில் காற்றாட விட்டால் போதும், சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மட்டும் முழுதாகக் காய்ந்ததா என்று மடிப்புகளைத் தொட்டுப் பார்த்து எடுத்துவையுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஏர் பெட் இருக்கிறதே, போதாதா?

இந்தக் கேள்விதான் கொள்முதல் கமிட்டிகளில் முதலில் வரும். ஏர் பெட் ஓரிடத்தில் சேரும் அழுத்தத்தைக் குறைக்கும், அது தேவைதான். ஆனால் நோயாளியை இழுக்கும்போது வரும் உராய்வை அது தடுக்காது. புரட்ட வேண்டிய தேவையையும் அது நீக்காது. காற்றறைகள் அமுங்கும் மெத்தையில் நோயாளியை நகர்த்துவது சாதாரண மெத்தையைவிடக் கடினம் என்பதால், ஏர் பெட் வாங்கிய இடத்தில் ஸ்லைடு ஷீட்டின் தேவை கூடத்தான் செய்கிறது.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோதும் புதுச்சேரி வெள்ளத்தில் மூழ்கியது. கரண்ட் நின்று பம்பும் நின்றால் ஏர் பெட் மெல்ல இறங்கி, நோயாளி கட்டில் பலகையில் படுத்திருப்பார். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கும். பண்ருட்டிப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ கிராமத்து வீட்டில் இருக்காது. அந்த நேரத்தில் கைகொடுப்பது கையால் புரட்டுவது மட்டும்தான். புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தியோடு ஸ்லைடு ஷீட்டையும் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வையுங்கள், மெத்தை இறங்கினால் மாற்றிப் போட ஒரு நல்ல ஃபோம் மெத்தையும் இருக்கட்டும்.

ஆள் கணக்கு

நைட் டியூட்டியில் வார்டுக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஆயா என்று விட்டுவிட்டு, துணி வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று நிர்வாகம் நினைத்தால் பயனில்லை. எடை அதிகமான, ஒத்துழைக்க முடியாத நோயாளிக்கு ஷீட் இருந்தாலும் நான்கு கைகள் வேண்டும், டியூப்களைப் பார்க்க இன்னும் இரண்டு கைகள் இருந்தால் நல்லது. ஒரே ஆள் தனியாகச் செய்ய நேர்ந்தால் பாதி இழுப்பில் விட்டுவிடுவதும், நோயாளி குறுக்காகக் கிடப்பதும் நடக்கும். அதற்குச் சிஸ்டரைத் திட்டுவது நியாயமில்லை. இடுப்பு வலி என்று சொல்லும் ஊழியரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, சில வாரம் புரட்டும் வேலையிலிருந்து விலக்கு கொடுக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது கேட்காமலேயே கிடைக்க வேண்டும். சொன்னால் விடுப்புதான் போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், வலியோடு இழுப்பார்கள்.

நம் வார்டுகளில் இரண்டாவது ஜோடிக் கை பெரும்பாலும் அட்டெண்டருடையது. ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினத்திலிருந்து வரும் நோயாளிகளோடு ஒரு மகளோ தம்பியோ எப்போதும் பக்கத்தில் இருப்பார். அவர்களை ஓரம் போகச் சொல்வதைவிட, "அம்மா, மேல் துணியை மட்டும் பிடிங்க, நான் மூணு சொன்னதும் இழுக்காம சாயுங்க" என்று முதல் நாளே காட்டிக்கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபின் அவர்தான் தினமும் செய்யப் போகிறார். டிஸ்சார்ஜுக்கு முன்பு அவரே செய்து காட்டட்டும், சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

புரட்டல் அட்டவணையில் நேரத்தோடு எந்தப் பக்கம் என்பதும், வால் எலும்பு, குதிகால் தோல் எப்படி இருந்தது என்பதும் எழுத வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது முதல் நிலைப் படுக்கைப்புண். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே தொட்டுப் பார்த்துச் சூடு, கெட்டித்தன்மை, வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் மக்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது சோதனைதான் பொருந்தும்.

எத்தனை வாங்குவது? 20 கட்டில் வார்டில் தானாகத் திரும்ப முடியாதவர்கள் 6 பேர் இருப்பார்கள் என்றால், ஆளுக்கு ஒரு ஜோடி கட்டிலில், ஒரு ஜோடி லாண்டரியில், அவசரத்துக்கு 2 ஜோடி அலமாரியில். மொத்தம் 14 ஜோடி. வீட்டுக்கு 2 ஜோடி போதும். தானாகக் கொஞ்சம் திரும்பக் கூடியவருக்கு இதை வாங்காதீர்கள். அவருக்குக் கட்டிலோரம் ஒரு பிடிகம்பியும் முழங்காலை மடக்கி உந்தச் சொல்லிக்கொடுப்பதும் இதைவிட நல்லது. இருக்கும் தெம்பைப் பயன்படுத்த விடாமல் ஷீட்டில் வைத்து இழுத்தால், அந்தத் தெம்பும் போய்விடும்.